அறுபத்தொரு நாள் பின்னால்

குணசீலி அந்த வீட்டுக்குள் போனபோது காலை பதினொன்றரை மணி. வெளியே ஆவணி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உள்ளே இருளப்பன் பாயில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடியிருந்தார். அவர் தூங்கவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. இமைகள் துடித்துக்கொண்டிருந்தன.

"மெதுவா வாங்க. அவருக்கு இப்ப ராத்திரி ரெண்டு மணி," என்றாள் அவர் மனைவி பேச்சியம்மாள்.

தலைமாட்டில் ஒரு ஸ்டூல்மேல் காவல் லேப்டாப் திறந்திருந்தது. அதன் திரையில் ஜூன் 28, அதிகாலை 2.00 என்று இருந்தது. குணசீலி தன் போனைப் பார்த்தாள். ஆகஸ்ட் 28, காலை 11.30. அவள் ஏழு வருடமாக இந்த லேப்டாப்களைப் பழுது பார்க்கிறாள். இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் பிந்தியவற்றைப் பார்த்திருக்கிறாள். இரண்டு மாதம் பிந்தியதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

சிறைகளில் இடம் இல்லாமல் போனபிறகு வந்தது இல்லக்காவல் சட்டம். சின்னத் தண்டனை பெற்றவர்கள் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். காலில் ஒரு வளையம், எதிரில் ஒரு லேப்டாப். அதன் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். அது மணியடிக்கும்போது எழ வேண்டும். அது தரும் வேலையை எட்டு மணி நேரம் செய்ய வேண்டும். அது சொல்லும்போது படுக்க வேண்டும். தண்டனைக் காலம் அதன் கடிகாரத்தில்தான் கழியும். முழுக் காலமும் முடிந்துவிட்டது என்று அந்தக் கடிகாரம் சொல்லும் நிமிடத்தில் வளையம் தானாகத் திறந்துகொள்ளும். வேறு எந்தக் கடிகாரத்துக்கும் அந்த அதிகாரம் கிடையாது.

குணசீலி தன் சர்வீஸ் சாவியைச் செருகினாள். திரை மஞ்சளாக மாறியது. இனி ஒன்றரை மணி நேரத்துக்குக் கேமராவும் கிடையாது, மைக்கும் கிடையாது, எழுந்து உட்காரலாம் என்று சொன்னாள். இருளப்பன் எழுந்து உட்கார்ந்து, சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு, அதன்பிறகுதான் வாங்க என்று கும்பிட்டார். ஐம்பது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

அவர் வேன் டிரைவர். ஒரு நூல் மில்லுக்கு வேலையாட்களை ஏற்றிப் போகும் வேன். பிரேக் சரியில்லை என்று முதலாளியிடம் மூன்று முறை சொல்லிவிட்டு நான்காம் முறை சொல்லாமல் ஓட்டினார். சாத்தூர் பைபாஸில் வண்டி கவிழ்ந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். மூன்று வருடம் போட்டார்கள். அப்பீல் போகச் சொன்ன வக்கீலிடம் செத்தது ரெண்டு பேரு, மூணு வருசம் கம்மிதான் என்று சொல்லிவிட்டார். இதையெல்லாம் பேச்சியம்மாள்தான் குணசீலிக்குச் சொன்னாள், சாயா போட்டுக்கொண்டே. அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

கடிகாரம் பிந்த ஆரம்பித்தது முதல் வருடம் முடிந்த சமயம். முதலில் கால் மணி, அரை மணி. பிறகு நாள் கணக்கில். இவர்கள் மதியம் சாப்பிடும்போது லேப்டாப் காலை ஐந்தரைக்கு எழுப்பியது. ஊர் உறங்கும்போது வேலை செய்யச் சொன்னது. பேச்சியம்மாள் ஒரே வீட்டில் இரண்டு பொழுதுக்குச் சமைத்தாள். பதினொரு தடவை புகார் கொடுத்தார்கள். தங்கள் லேப்டாப் காட்டுவதே சரியான நேரம் என்று பதினொரு தடவையும் ஒரே பதில் வந்தது. பன்னிரண்டாவது புகார் எப்படியோ குணசீலியின் பட்டியலுக்கு வந்துவிட்டது.

அவள் முறையாகத்தான் ஆரம்பித்தாள். லேப்டாப்பில் எந்த நாட்டு நேரம் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தாள், சரியாக இருந்தது. போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு இருபது நிமிடம் ஒப்பிட்டாள். ஒரு விநாடிகூடப் பிந்தவில்லை. அப்படியானால் ஓடும்போது ஒழுங்காக ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கினாள். நான்கு நிமிடத்தில் திரை அணைந்தது. பெரிய பேட்டரி செத்துப்போயிருந்தது. பத்து நிமிடம் காத்திருந்து மறுபடி சொருகினாள். அணைந்தபோது 2.31. எழுந்தபோதும் 2.31.

பின்மூடியின் அரக்கு முத்திரையை உடைத்துத் திறந்து, போர்டில் இருந்த நாலணா அளவு சிமாஸ் பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்தாள். மூன்று வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் பூச்சியம் புள்ளி நான்கு இருந்தது.

இருளப்பன் என்ன கோளாறு என்று கேட்டார்.

"லேப்டாப் அணைஞ்சிருக்கும்போதும் உள்ள கடிகாரத்தை ஓட்டுறது இந்தப் பேட்டரிதாண்ணே. இது செத்துப்போச்சு. கரண்டு போனா உங்க கடிகாரம் நின்னுரும். கரண்டு வந்ததும் விட்ட இடத்துல இருந்து ஓடும்."

"எல்லாரும் நெட்டுல இருந்துதான நேரத்தை எடுத்துக்கிறாங்க? எம் மகளோட போனு அப்படித்தான்."

"முதல்ல இதுக்கும் அப்படித்தான் இருந்துச்சு. யாரோ நாலு பேரு பொய்யா ஒரு நேரத்தை அனுப்பி, ரெண்டு வருசத்தை ரெண்டு நிமிசத்துல ஓடவச்சு வளையத்தைக் கழட்டிட்டாங்க. அதுல இருந்து வெளி நேரம் எதையும் இது கேக்காது. தன் நேரத்தை மட்டுந்தான் நம்பும்."

இந்தக் காலனியில் தினமும் இரண்டு மணி நேரம் கரண்ட் இருக்காது, மழை வந்தால் நாள் பூராவும் இருக்காது என்றார் இருளப்பன். பிறகு, அப்போ கரண்ட் இல்லாத நேரமெல்லாம் நான் ஜெயிலில் இல்லையா என்று கேட்டார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

உள் அறையிலிருந்து ஒரு பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வடிவு, அவர்கள் மகள், பத்தொன்பது வயது. முகம் ஊதியிருந்தது. இடது முழங்கையில் ஊசி போட்ட இடங்கள் புடைத்திருந்தன. வாரம் மூன்று நாள் மதுரைக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறாள் என்று பேச்சியம்மாள் சொன்னாள். அவளுக்குப் பொருந்துவது அப்பாவின் சிறுநீரகம் மட்டும்தான். ஆனால் தண்டனையில் இருப்பவர் உறுப்பு தானம் செய்யக் கூடாது. கைதிகளை மிரட்டி வாங்கிவிடுவார்கள் என்று நல்லெண்ணத்தில் போட்ட விதி. காலண்டர்படி செப்டம்பர் 12 விடுதலை. அதை நம்பி ஆஸ்பத்திரியில் 24ஆம் தேதி ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். லேப்டாப்படி விடுதலை நவம்பர் பாதியில்.

"அதுக்குள்ள கையில ஊசி போட இடம் இருக்காதுன்னு டாக்டர் சொல்றாருக்கா," என்றாள் வடிவு. வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

குணசீலிக்குக் கணக்கு சரியாக வந்துவிட வேண்டும். சின்ன வயதிலிருந்தே அப்படி. ஒரு திருகாணி மிஞ்சினால் மொத்த லேப்டாப்பையும் பிரித்து மாட்டுவாள். அன்று அந்த வீட்டுப் படியிறங்கும்போது இதைச் சரிசெய்துவிடலாம் என்று அவள் மனதார நம்பினாள். கோளாறு தெரிந்துவிட்டது, ஆதாரமும் கையில் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

மறுநாள் லீவு போட்டுவிட்டு கரண்ட் ஆபீசுக்குப் போனாள். அந்தக் காலனி லைனில் எப்போது மின்சாரம் போனது, எப்போது வந்தது என்ற இரண்டு வருடப் பதிவை எழுதி விண்ணப்பித்து வாங்கினாள். ஒவ்வொரு தடவையிலும் லேப்டாப் தாக்குப்பிடித்த நிமிடங்களைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கூட்டினாள். ஆயிரத்து நானூற்று எழுபத்து மூன்று மணி, இருபத்தாறு நிமிடம். கடிகாரம் பிந்தியிருந்ததோ அறுபத்தொரு நாள் ஒன்பதரை மணி. அதாவது ஆயிரத்து நானூற்று எழுபத்து மூன்றரை மணி. இரண்டு வருடத்தில் நான்கே நிமிட வித்தியாசம். அவள் வேலைக்கு வந்ததிலிருந்து இவ்வளவு சுத்தமாக ஒரு கணக்கு வந்ததில்லை. ஆறு பக்க அறிக்கை எழுதி, கரண்ட் ஆபீஸ் முத்திரையோடு பதிவையும் இணைத்தாள்.

மாவட்ட இல்லக்காவல் அலுவலகத்தில் தணிகைவேல் என்று ஒரு நேரக் கண்காணிப்பாளர் இருந்தார். ரிட்டயராக ஒரு வருடம் இருந்தது. கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. சர்வீஸ் ஆட்கள் வந்தால் உட்காரச் சொல்லிப் பேசுகிற ஒரே அதிகாரி அவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, சர்வீஸ் சாவியால் ஒரு புகாருக்கு ஐந்து நிமிடம் வரை நேரத்தைத் திருத்தலாம் என்று விதி இருக்கிறதே, அப்படிச் செய்யலாமே என்றார்.

"அப்படின்னா பதினேழாயிரத்து அறுநூத்தி எண்பத்திரண்டு புகார் கொடுக்கணும் சார்," என்றாள் குணசீலி.

அவர் சிரிக்கவில்லை. அதற்கு மேல் என்றால் நேரத் திருத்தக் குழுவுக்குத்தான் போக வேண்டும் என்றார். அவள் அறிக்கையை நீட்டினாள். அவர் ஆறு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. முடித்துவிட்டு அதை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. இதைக் கண்டிப்பாக் கொடுக்கணுமா?"

"கொடுத்தாத்தான சார் அவர் செப்டம்பர்ல வெளிய வருவாரு?"

"புதுப் பேட்டரி மாட்டிட்டு, நவம்பர் வரைக்கும் இருக்கச் சொல்லலாம். நல்லா யோசிச்சுக்கங்க."

அவர் பயப்படுகிறார் என்று குணசீலி நினைத்தாள். ரிட்டயராகப்போகும் நேரத்தில் தலைவலி எதற்கு என்று தட்டிக்கழிக்கிறார் என்று எண்ணி, வடிவின் கையைப் பற்றிச் சொன்னாள். ஆபரேஷன் தேதியைச் சொன்னாள். தன் குரல் உயர்ந்துவிட்டதுகூட அவளுக்குத் தெரியவில்லை. தணிகைவேல் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் சொல்லாமல், அறிக்கையைத் திருப்பி வரவு முத்திரை குத்தினார். பின்னாளில் குணசீலி அந்த நிமிடத்தைத்தான் அடிக்கடி நினைத்துக்கொண்டாள். அவர் இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் தான் கேட்டிருப்பாளா என்பது அவளுக்கு நிச்சயமில்லை.

குழுவின் உத்தரவு ஒன்பதாம் நாள் வந்தது. நகல் அவளுக்கும் வந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்றபடி போனில் படித்தாள்.

லேப்டாப்பின் கடிகாரம் நின்றது உண்மை என்று குழு ஏற்றுக்கொண்டது. அது நின்ற நேரத்தில் கேமராவும் வளையமும் வேலை செய்யவில்லை என்பதும் அதனாலேயே உறுதியாகிறது. எனவே கைதி ஆயிரத்து நானூற்று எழுபத்து மூன்றரை மணி நேரம் காவலில் இல்லை என்பது சர்வீஸ் பொறியாளரின் அறிக்கையாலேயே ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது. கண்காணிப்புக்கு வெளியே இருந்த நேரத்துக்கு விதிப்படி இரு மடங்கு தண்டனை நீட்டிப்பு. மிச்சமிருக்கும் காலமும் அதுவும் சேர்த்து, விடுதலை மார்ச் மாதம் நடுவில். கடைசிப் பத்தியில், இதுவரை யார் கண்ணிலும் படாத ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்த பொறியாளருக்குப் பாராட்டு.

அவள் ஏற வேண்டிய இரண்டு பஸ் அதற்குள் போய்விட்டது.

நேரில் போய்ச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று போனாள். உத்தரவு ஏற்கெனவே லேப்டாப் திரையில் வந்துவிட்டிருந்தது. புது பேட்டரி மாட்டுவதற்கான வேலைச்சீட்டும் அவள் பேருக்கே வந்திருந்ததால் சர்வீஸ் சாவியைச் செருகினாள். இருளப்பன் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். சாயா வரவில்லை. பேச்சியம்மாள் கதவோரம் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குணசீலி மன்னிப்புக் கேட்டாள். இப்படித் திருப்புவார்கள் என்று தெரியாது என்றாள். இருளப்பன் கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"கணக்கை நீங்கதான போட்டீங்க?"

"ஆமாண்ணே."

"தப்பு இல்லாமத்தான் போட்டிருக்கீங்க. கரண்டு போறப்ப வர்றப்ப நானும் சுவத்துல எழுதிவச்சுக்கிட்டுதான் வந்தேன். ஏறக்குறைய அதேதான்."

"அப்ப நீங்க எங்கயும் போகலைன்னு எழுதிக் கொடுங்கண்ணே. அக்கம்பக்கத்துல சாட்சி வாங்குவோம்."

"எங்க போறது? கரண்டு போனாலும் நான் அந்தப் பெட்டி முன்னாலதான் உக்காந்திருப்பேன். அது பாக்குதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும் தங்கச்சி?"

அப்போதுதான் பேச்சியம்மாள் வாயைத் திறந்தாள். அவள் குணசீலியிடம் பேசவில்லை, புருஷனிடம் பேசினாள்.

"ஒரு நாளாவது எந்திரிச்சு வாசலுக்கு வந்திருக்கலாம். ஆயிரத்து நானூறு மணி நேரம் இருந்திருக்கு. ஒரு தடவை அந்தப் பிள்ளைய மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்திருக்கலாம். சும்மா இருட்டுல உக்காந்திருந்திருக்கியே."

குணசீலி புது பேட்டரிகளை மாட்டி, மூடியை முடுக்கி, புதிய முத்திரை வைத்தாள். அரக்கு விரலில் ஒட்டிச் சுட்டது. இனிமேல் சரியாக ஓடுமா என்று அவர் கேட்டார். ஓடும் என்றாள்.

அதன்பிறகு அவள் சும்மா இருக்கவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளில் சாட்சி வாங்கிக் குழுவுக்கு அனுப்பினாள். மனிதர்களின் சாட்சியம் கருவியின் பதிவை மீற முடியாது என்று பதில் வந்தது. ஒரு வக்கீலைப் பிடித்தாள். அவர் வழக்குத் தொடுத்தார். முதல் விசாரணைக்கே பிப்ரவரியில் தேதி கொடுத்தார்கள். தணிகைவேலைப் பார்க்கப் போனாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, அவளைப் பார்க்காமல் பேசினார்.

"அந்தக் கடிகாரம் பின்னால ஓடுற வரைக்கும் அது வெறும் கோளாறும்மா. நீங்க ஆதாரம் கொடுத்ததும் அது குற்றமாயிருச்சு. இதை நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். அந்த ரூம்லயும் மைக் இருக்கு."

வடிவு தை பிறக்க நான்கு நாள் இருக்கும்போது இறந்துபோனாள். குணசீலிக்குச் செய்தி தெரிந்து போனபோது எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். அவர்கள் பின்னாலேயே சுடுகாட்டுக்கு ஓடினாள். இருளப்பனுக்கு இரண்டு மணி நேரம் அனுமதி கொடுத்திருந்தார்கள், லேப்டாப்பைப் பிரியக் கூடாது என்ற நிபந்தனையோடு. அவர் ஈர வேட்டியோடு, கழுத்தில் ஒரு துணிப்பையை மாட்டிக்கொண்டு நின்றார். பைக்குள் லேப்டாப் திறந்தபடி, கேமரா வெளியே தெரியும்படி இருந்தது. கொள்ளி வைக்கக் குனியும்போது அது முன்னால் சரிந்து விழப்போயிற்று. அவர் அதை ஒரு கையால் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் வைத்தார். எதிரில் நின்றவர்களுக்குத் திரை தெரிந்தது. புதுப் பேட்டரியில் ஓடிய கடிகாரம் ஒரு விநாடிகூடப் பிசகவில்லை. குணசீலி திரும்பி வந்தாள்.

பிப்ரவரியில் வக்கீல் போன் செய்து, வழக்கை நடத்த வேண்டாம் என்று இருளப்பன் சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

அதே மாதம் துறையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. மாவட்டத்தின் நானூற்றுச் சொச்சம் லேப்டாப்களையும் சோதிக்க வேண்டும். எந்தக் கடிகாரம் எவ்வளவு பிந்தியிருக்கிறது, கைதி எத்தனை மணி நேரம் காவலில் இல்லாமல் இருந்திருக்கிறார் என்று கணக்கெடுக்க வேண்டும். அதற்கான படிவத்தை அவளுடைய ஆறு பக்க அறிக்கையைப் பார்த்துத்தான் தயாரித்திருந்தார்கள். கரண்ட் பதிவு, தாக்குப்பிடித்த நிமிடங்கள், கூட்டல், கழித்தல், எல்லாம் அவள் போட்ட வரிசையிலேயே இருந்தன. சோதனைக் குழுவுக்கு அவளைத் தலைமைப் பொறியாளர் ஆக்கியிருந்தார்கள். சர்வீஸ் நேரத்திலும் இனி மைக் பதிவாகும் என்று புது விதி.

வேலையை விட்டுவிடலாம் என்று மூன்று நாள் யோசித்தாள். விட்டால் வேறு ஒருவர் வருவார். அவர் கணக்கைச் சரியாகப் போடுவார். நான்காம் நாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மார்ச் கடைசியில் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு வீடு. அமுதராணி என்று ஒரு பெண், பள்ளிக்கூடத்தில் சான்றிதழைத் திருத்திக் கொடுத்த வழக்கில் நான்கு வருடம். குணசீலி உள்ளே போனபோது பகல் ஒரு மணி. அமுதராணி ஜன்னலை எல்லாம் சாத்தியிருந்தாள், அவளுக்கு அப்போது இரவு பத்தரை. சாவியைச் செருகியதும் எழுந்து உட்கார்ந்து, வாரம் தவறாமல் புகார் கொடுத்தேன், இப்போதாவது வந்தீர்களே என்றாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

மல்டிமீட்டர் பூச்சியம் புள்ளி மூன்று காட்டியது. குணசீலி பழைய பேட்டரியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு புதியதை மாட்டினாள். மூடியை முடுக்கினாள். படிவத்தை எடுத்து, முதல் கட்டத்திலேயே கடிகாரம் சரியாக ஓடுகிறது, குறை ஏதுமில்லை என்று எழுதி, மிச்ச ஐந்து பக்கத்துக்கும் குறுக்கே கோடு போட்டாள். இப்படிக் கோடு போட்ட வீடுகளில் இது முப்பத்தொன்றாவது.

அமுதராணி எழுதியதை எட்டிப் பார்த்தாள்.

"நாப்பது நாள் பின்னால ஓடுது. உங்க போன்லயே தேதி இருக்கு. சரியா ஓடுதுன்னு எழுதுறீங்க?"

குணசீலி லேப்டாப்பின் ஓரத்தில் எரிந்த மைக் விளக்கைப் பார்த்தாள். லேப்டாப் காட்டுவதே சரியான நேரம் என்றாள்.

"பாத்துட்டுத்தான் பொய் எழுதுறீங்க."

குணசீலி பையை மூடினாள். அமுதராணி எழுந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. உன் மேல் புகார் கொடுக்கிறேன், இந்த வேலையில் நீ இருக்க முடியாது என்றாள். நாசமாய்ப் போவாய் என்றும் சொன்னாள். மேசையிலிருந்து ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்து, உன் பெயர் என்ன என்று கேட்டாள்.

"குணசீலி."

அவள் எழுத ஆரம்பித்தாள். குணசீலி நோட்டைப் பார்த்தாள்.

"மூணு சுழி ண," என்று சொல்லி, அவள் அடித்துவிட்டுச் சரியாக எழுதும்வரை நின்றாள்.